மலையில் வாடகை ஸ்டால், நகராத பழஞ்சரக்கு: எதை முதலில் மாற்றுவது?

ஜூலையில் ஊட்டி, குன்னூர் பக்கம் பழம்பொருள் ஸ்டால் வைத்திருப்பவருக்கு நாலு நாள் சேர்ந்தாற்போலப் போணி ஆகவில்லை என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மே மாதத்தில் அப்படி நடந்தால்தான் கவலைப்பட வேண்டும். இந்த இரண்டு மந்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் தப்பான நேரத்தில் விலையைக் குறைக்கிறார்கள், தப்பான நேரத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இங்கே பேசுவது தனிக்கடையைப் பற்றி அல்ல. பெரிய கடைக்குள்ளேயோ, பழைய பங்களாவின் ஹாலிலோ, காபிக் கடையை ஒட்டிய கூடத்திலோ எண்பது நூறு சதுர அடி இடத்தை வாடகைக்கு எடுத்து, பொதுக் கல்லாவில் பணம் வாங்க வைத்து, விற்றதில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கும் ஏற்பாடு இது. சரக்கு உங்களுடையது. வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் வேறொருவர்.

விற்பனை படுத்துவிட்டால் கையில் இருக்கும் வழிகள் ஆறு: விலையைக் குறைப்பது, சரக்கை மாற்றுவது, வாடகை ஏற்பாட்டை மாற்றுவது, இணையத்தில் விற்பது, பொருளை வாடகைக்கு விடுவது, இடத்தைக் காலி செய்வது. நம்மவர்கள் முதலில் கைவைப்பது விலையில். மலையைப் பொறுத்தவரை அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் சரக்கு, அடுத்தது வாடகை. ஏன் என்பதைக் கணக்கோடு பார்க்கலாம்.

ஆண்டுக் கணக்கு

ஒரு மாதிரிக் கணக்கு. நூறு சதுர அடி, மாத வாடகை 9,000 ரூபாய், விற்பனையில் 10 சதவீதம் கமிஷன். விற்கும் விலையில் பாதிக்குக் கொள்முதல் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு ரூபாய்க்கு ஒரு பொருள் போனால் முதல் 50, கமிஷன் 10 போக 40 நிற்கும். அந்த நாற்பதை வைத்து 9,000 கட்ட, மாதம் 22,500 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஆண்டுக்கு 2,70,000.

ஆனால் மலையில் எந்த மாதமும் சராசரி மாதம் கிடையாது. ஏப்ரல், மே பெரிய சீசன். மலர்க்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக்காட்சியும் மே மாதத்துக் கூட்டத்தைக் கொண்டுவரும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசன். பிறகு கிறிஸ்துமஸ் விடுமுறை. மாதிரிக்கு, ஏப்ரலும் மேயும் 60,000 வீதம், செப்டம்பரும் அக்டோபரும் 30,000 வீதம், டிசம்பர் 25,000, மற்ற ஏழு மாதங்கள் 10,000 வீதம் என்று போட்டுப் பாருங்கள். மொத்தம் 2,75,000. அதில் நிற்பது 1,10,000. வாடகை 1,08,000. ஆண்டு முழுக்க உழைத்து மிச்சம் 2,000 ரூபாய், போக்குவரத்துக்குக்கூடக் காணாது.

இந்த ஸ்டால்காரரை மே மாதம் கேட்டால் தொழில் அருமை என்பார். ஜூலையில் கேட்டால் கையைச் சுட்டுக்கொண்டேன் என்பார். இரண்டும் உண்மையில்லை. அதனால் மாத நோட்டை மூடிவிட்டு, ஜூன் முதல் மே வரை பன்னிரண்டு மாதத்தை ஒரே தாளில் எழுதுங்கள்.

ஊருக்கு ஊர் மந்த மாதம் மாறும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை கூடலூரையும் ஊட்டியின் மேற்குப் பக்கத்தையும் நனைக்கும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் தொல்லை. மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு, மலை ரயில் ரத்து என்று நவம்பரில் இரண்டு வாரம் சும்மா போகும். குன்னூர் ஸ்டாலின் நவம்பரை ஊட்டி ஸ்டாலின் நவம்பரோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

இ-பாஸும் கணக்கில் வரும். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. அரசுப் பேருந்திலும் ரயிலிலும் வருவோருக்கு அந்த வரம்பு இருக்கவில்லை. ஸ்டால்காரருக்கு இதன் பொருள்: அப்படி வரம்பு இருக்கும் சீசனில் சொந்தக் காரில் வருபவர் எண்ணிக்கைக்கு ஒரு கூரை உண்டு, தோள்பையோடு வருபவருக்கு இல்லை. தோள்பைக்காரர் பர்மாத் தேக்கு பீரோவைத் தூக்கிக்கொண்டு போகப் போவதில்லை.

விலையைக் குறைப்பது

நூறு ரூபாய்ப் பொருளை 75-க்குக் கொடுத்தால் முதல் 50, கமிஷன் ஏழரை, நிற்பது பதினேழரை. முன்பு 40 நின்றது. பழைய வருமானமே வர வேண்டுமென்றால் இரண்டே கால் மடங்குக்கும் மேல் பொருள்கள் விற்றாக வேண்டும். கடைக்குள் ஆளே வராத ஆடி மாதத்தில் அது நடக்காது. ஆள் வராததற்குக் காரணம் மழை. மழைக்குத் தள்ளுபடி கொடுத்து என்ன ஆகப்போகிறது?

இன்னொரு சங்கடம், பழம்பொருளுக்கு மேல் "25% ஆஃபர்" என்று அட்டை தொங்கினால் வாங்க வந்தவர் அதைப் புதுச் சரக்கு என்றே முடிவு கட்டிவிடுவார். பழசுபோலச் செய்த முராதாபாத் பித்தளையும் சாயம் போட்ட எனாமல் பலகையும் நிறையவே சந்தையில் சுற்றுவதால் அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு.

தள்ளுபடி பொருந்தும் இடம் ஒன்றுதான்: ஒரு முழு ஆண்டு, இரண்டு சீசனும் பார்த்தும் நகராத பொருள். அதைக் கண்டுபிடிக்க விலைச்சீட்டின் மூலையில் கொள்முதல் மாதத்தைப் பென்சிலால் எழுதினால் போதும்: "3/24". ஓர் ஆண்டு தாண்டியதற்கு வாங்கிய விலை வந்தால் கொடுத்துவிடலாம். பித்தளை, செம்பு, வெண்கலத்துக்கு மட்டும் கீழே ஒரு தரை இருக்கிறது: எடைக்குப் போட்டால் பழைய பாத்திரக்காரர் அன்றைக்கு என்ன தருவார் என்பது. நாலு கிலோ அண்டாவை அந்தத் தரைக்குக் கீழே யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. மரம், பீங்கான், காகிதத்துக்கு அப்படித் தரை கிடையாது. அதனால் அவற்றில்தான் சீக்கிரம் முடிவெடுக்க வேண்டும்.

பேரம் வேறு விஷயம். சுற்றுலா வருபவர் பேரம் பேசாமல் வாங்கினால் ஏமாந்துவிட்டோமோ என்று நினைப்பார். பத்து சதவீதம் அதற்கென்று வைத்தே விலை போடுங்கள். முக்கியமாக, கல்லாவில் இருப்பவருக்கு அந்தப் பத்து சதவீதத்தை உங்களைக் கேட்காமலே குறைக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். "ஓனரைக் கேட்கணும்" என்று போன் போட்டு, லைன் கிடைக்காமல், வாங்க வந்தவர் "அப்புறம் வர்றோம்" என்று கிளம்பிப்போவது வாடகை ஸ்டால்களில் வழக்கமான கதை. ஊட்டியில் "அப்புறம்" என்றால் அடுத்த வருஷம்.

சரக்கை மாற்றுவது

ஒன்பதாயிரம் வாடகையை நூறு சதுர அடிக்கு வகுத்தால் சதுர அடிக்கு மாதம் 90 ரூபாய். இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு ஸ்டாலைச் சுற்றிப் பாருங்கள்.

நாலடி அகலம், இரண்டடி ஆழம் உள்ள கண்ணாடி வைத்த பீரோ. அது நிற்க எட்டு சதுர அடி. கதவைத் திறந்து காட்ட முன்னால் இன்னொரு எட்டு. பதினாறு சதுர அடிக்கு மாதம் 1,440. பத்து மாதம் நின்றால் 14,400. இருபதாயிரத்துக்கு வாங்கி 35,000-க்கு விற்கிறீர்கள். கமிஷன் 3,500 போக 11,500 நிற்கும். நல்ல விலைக்குப் போனது என்று ஊரே சொல்லும். உண்மையில் 2,900 நஷ்டம். குட்டி யானை (சிறு சரக்கு வண்டி) வாடகை, ஏற்றி இறக்கும் கூலி தனி.

மூன்றடிக்கு ஓரடி கண்ணாடி அலமாரி. முன்னால் ஆள் நிற்க இரண்டடி விட்டாலும் ஒன்பது சதுர அடி, மாதம் 810. ஐந்து தட்டில் நாற்பது சிறு பொருள்கள், சராசரி 600 ரூபாய். மந்த மாதத்தில் ஆறு போனால்கூட 3,600 விற்பனை, 1,440 நிற்கும், வாடகை போக 630 மிச்சம். மழைக்காலத்திலும் தன் சோற்றைத் தானே சம்பாதிக்கும் இடம் இதுதான்.

என்ன வைப்பது? பாக்குவெட்டி, வெற்றிலைச் செல்லம், பூட்டும் சாவியும், படி உழக்கு ஆழாக்கு, கோலி சோடா புட்டி, எனாமல் குவளை, மருந்துக்கடைப் புட்டி, தேயிலை டின், பித்தளை எடைக்கல், 78 ஆர்பிஎம் இசைத்தட்டு, பழைய அஞ்சலட்டை. கைக்கு அடங்க வேண்டும், பையில் போக வேண்டும், உடையாமல் வீடு சேர வேண்டும். 1,500 ரூபாய்க்குக் கீழே இருந்தால் கணவனும் மனைவியும் வெளியே போய்க் கலந்து பேசாமல் அங்கேயே முடிவெடுப்பார்கள்.

இதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. காரைக்குடிச் சரக்கு தமிழ்நாட்டில் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. ஊட்டிக்கு வந்து செட்டிநாட்டு எனாமல் தூக்குவாளியைப் பார்ப்பவருக்கு அதை இங்கே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. மலையோடு ஒட்டியது வேகமாகப் போகும். 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் வந்த மலை ரயிலுக்கு 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அதில் வந்து இறங்குபவர் பழைய அட்டை டிக்கெட்டையோ ஸ்டேஷன் படத்தையோ பார்த்தால் நின்று விடுவார். ஊட்டி இந்து நகரில் 1967-இல் உற்பத்தி தொடங்கி பிறகு மூடப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் "இந்து" ஃபிலிம் பெட்டி, போட்டோ காகித உறை போன்றவை உள்ளூரில் பழைய ஸ்டுடியோக்களைக் காலி செய்யும்போது கிடைக்கும். கேமரா பிரியர்கள் விடமாட்டார்கள். தேயிலை எஸ்டேட் சாமான்கள் அடுத்தது: தேநீர் சுவைப்பவர்களின் வெள்ளைக் கிண்ணம், டின் விளிம்பு அடித்த ஒட்டுப்பலகைத் தேயிலைப் பெட்டி. ரயில்வே முத்திரை உள்ள விளக்கு, மணி போன்றவற்றுக்கு மட்டும் ஏலத்தில் எடுத்த ரசீது இல்லாமல் கைவைக்காதீர்கள். ரயில்வே சொத்தைக் கணக்குக் காட்ட முடியாமல் வைத்திருப்பதற்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது.

பெரிய சாமானை முழுக்க ஒழிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு நல்ல பிளான்டர்ஸ் சேரோ (நீண்ட கை வைத்த சாய்வு நாற்காலி) எழுது மேசையோ இருந்தால் ஸ்டாலுக்கு முகம் இருக்கும். மேசையை மேசையாகவே பயன்படுத்தி அதன்மேல் சிறு பொருளை அடுக்குங்கள். அப்போது அது அடைக்கும் சதுர அடிக்கு வாடகையை மேலே இருக்கும் சிறு பொருள்களே தந்துவிடும். மற்ற பெரியவற்றின் பெரிய புகைப்படத்தை, அளவு, விலை, கோவைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு மூன்றையும் எழுதி, ஒரு பலகையில் மாட்டினால் போதும். சாமான் வீட்டு ஷெட்டில் இருக்கட்டும்.

விலைச்சீட்டு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டாலில் உங்களுக்குப் பதிலாகப் பேசுவது அதுதான். "பழங்கால ரேடியோ, அபூர்வம், 8,000" என்ற சீட்டு எதையும் சொல்லவில்லை. "மர்ஃபி வால்வு ரேடியோ. மரப்பெட்டி அசல். பின்பலகை இல்லை. பாடாது. 6,500" என்ற சீட்டு நாலு கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. குறையை முதலிலேயே எழுதினால் பேரமும் குறையும்; அதை நீங்களே சொல்லிவிட்டதால் வாங்குபவருக்குப் பிடித்து இழுக்க நூல் இல்லை. பளபளக்கும் பித்தளைக் குழாய் வைத்த புதுக் கிராமபோனை விற்பதில் தப்பில்லை, "புதிதாகச் செய்தது" என்று எழுதிவிட்டால். எழுதாமல் விற்றால் அடுத்த தட்டில் இருக்கும் அசல் பொருளும் சந்தேகப் பொருளாகிவிடும்.

தோடர் பூவேலைப்பாடு போன்ற புதுக் கைவினையைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. நேரடியாக வாங்கி, புதுசு என்று தெளிவாக எழுதி, ஒரு தட்டில் வைத்தால் பழம்பொருளில் ஆர்வம் இல்லாதவரும் ஏதாவது வாங்குவார். ஒப்பந்தத்தில் புதுப்பொருள் கூடாது என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வைக்கவே கூடாது

பழைய பங்களாச் சாமானை மொத்தமாக எடுத்தால் இந்த மலையில் கட்டாயம் கூடவே வருவது வேட்டைச் சின்னங்கள்: கடமான் கொம்பு, காட்டெருமைத் தலை, தந்தக் கைப்பிடி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி இவற்றை விற்க முடியாது. எவ்வளவு பழையது என்பது பேச்சே இல்லை. அலங்காரத்துக்கு என்று மாட்டி வைப்பதும் வம்பு. கொள்முதல் பேசும்போதே இவற்றை விலக்கிப் பேசுங்கள். அந்த வீட்டுக்காரர் வனத்துறையோடு தீர்த்துக்கொள்ளட்டும்.

தொல்பொருள் சட்டமும் 1972-ஆம் ஆண்டுதான். நூறு ஆண்டு தாண்டிய கலை, கைவினைப் பொருளும் நாணயமும், எழுபத்தைந்து ஆண்டு தாண்டிய முக்கியமான ஓலைச்சுவடி, கையெழுத்துப்படியும் அதில் வரும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. கல், உலோகச் சாமி சிலை வந்தால் பதிவுச் சான்று இல்லாமல் தொடவே வேண்டாம். இதில் வேடிக்கை என்னவென்றால், அறுபது ஆண்டு பழைய பெட்டிக்கு "150 வருஷப் பழமை" என்று சீட்டு எழுதுகிறவர் தன் கையாலேயே தன்னை உரிமம் இல்லாத வியாபாரி ஆக்கிக்கொள்கிறார். உண்மையான பத்தாண்டை எழுதுங்கள்: "1950-60".

வாடகையைப் பேசுவது

பலர் கேட்கத் தயங்கும் வழி இது. கணக்கில் பார்த்தால் சரக்கு மாற்றத்துக்கு அடுத்தபடி அதிகம் மிச்சம் செய்வது இதுதான்.

வாடகை 9,000, கமிஷன் 10 சதவீதம் என்பதற்குப் பதிலாக வாடகை 4,000, கமிஷன் 20 சதவீதம் என்று கேட்டுப் பாருங்கள். வாடகையில் 5,000 குறைகிறது, கமிஷனில் பத்து சதவீதம் கூடுகிறது. மாத விற்பனை 50,000 தாண்டினால்தான் புது ஏற்பாடு உங்களுக்கு நஷ்டம். நம் மாதிரி ஆண்டில் ஏப்ரலும் மேயும் மட்டுமே தாண்டுகின்றன. ஆண்டுக்குப் பழைய ஏற்பாட்டில் 1,08,000 வாடகையும் 27,500 கமிஷனும் சேர்ந்து 1,35,500. புதியதில் 48,000-உம் 55,000-உம் சேர்ந்து 1,03,000. மிச்சம் 32,500. இதுவரை கையில் நின்றதே 2,000 என்பதை நினைத்துப் பாருங்கள்.

உரிமையாளர் ஏன் ஒத்துக்கொள்வார்? கேட்கும் மாதத்தைப் பொறுத்தது. பிப்ரவரி, மார்ச்சில் போய்க் கேட்டால் சீசனுக்கு இடம் தேடி வாசலில் நாலு பேர் நிற்பார்கள். அவர் ஏன் இறங்க வேண்டும்? ஜூன் கடைசியில் கேளுங்கள். அப்போது காலியானால் செப்டம்பர் வரை அந்த இடத்துக்கு ஆள் வராது என்பது அவருக்கும் தெரியும். பன்னிரண்டு மாதத் தாளைக் காட்டியே பேசுங்கள். நாடகம் வேண்டாம். விற்பனை கூடினால் அவருக்கும் கூடுகிறது என்பதால், உங்கள் ஸ்டாலை முன்பக்கம் நகர்த்துவதிலும் விளக்குப் போடுவதிலும் அவருக்கே அக்கறை வந்துவிடும். அது எதிர்பாராத லாபம்.

அவர் விகிதத்தை மாற்ற மாட்டேன் என்றால் இடத்தைச் சுருக்கக் கேளுங்கள்: நூறுக்கு அறுபது சதுர அடி, அல்லது மழை மாதங்களில் பூட்டுப் போட்ட ஒரு கண்ணாடி அலமாரி மட்டும். பெரிய சாமானை வெளியேற்றிய பிறகு அறுபது போதும். வேறு எதைப் பேசினாலும் பேசாவிட்டாலும் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். விற்ற பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கைக்கு வரும் (பதினைந்து நாள் நியாயம்). கூரை ஒழுகி நனைந்தால் யார் பொறுப்பு. திருடு போனால் யார் பொறுப்பு. ஓட்டுக் கூரைப் பங்களாவில் இரண்டாவது கேள்வி வெறும் பேச்சல்ல.

இணையம்

இணையம் ஸ்டாலுக்கு மாற்று என்று சொல்பவர்கள் பெரும்பாலும் பொட்டலம் கட்டிப் பார்க்காதவர்கள். அது சில பொருளுக்கு மட்டுமே சரிப்படும்: ஹெச்எம்டி கைக்கடிகாரம், கேமரா, பூட்டு, அஞ்சல்தலை, அஞ்சலட்டை, இசைத்தட்டு. இவற்றைத் தேடுபவர் சென்னையிலும் புனேயிலும் இருக்கிறார், ஊட்டிக்கு வருபவர்களில் அல்ல. அந்த வகையில் ஒரு பொருளை ஸ்டாலில் ஒரு சீசன் வைத்துப் பார்த்து, போகாவிட்டால் இணையத்துக்கு மாற்றுவது சரி. லாந்தர் கண்ணாடி, பீங்கான் ஜாடி, மர சாமான் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். உடைந்து திரும்பினால் பொருளும் போய், இரு வழிக் கூரியர் காசும் போகும்.

படம் எடுக்க மலைவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு: மேகமூட்ட வெளிச்சம். ஜன்னலோரம் வைத்து, ஃப்ளாஷ் போடாமல், ஆறு படம்: முன், பின், அடிப்பாகம், முத்திரை, குறை, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. ஹெச்எம்டிக்கு மூடியைத் திறந்து மெஷினையும் காட்டுங்கள். புது டயல் அடித்து மாற்றிய கடிகாரங்கள் சந்தையில் நிறைய இருப்பதால் அதைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை.

இசைத்தட்டு அனுப்பும்போது தட்டைவிட இரண்டு அங்குலம் பெரிய நெளி அட்டை இரண்டுக்கு நடுவில் வைத்து, நான்கு ஓரமும் ஒட்டி, அதை இன்னொரு பெட்டிக்குள் எல்லாப் பக்கமும் மூன்று விரல் இடைவெளியோடு வைத்து, கசக்கிய செய்தித்தாளை இறுக்கி அடையுங்கள். 78 தட்டு அரக்கு, வளையாது, உடையும். பிளாஸ்டிக் கட்டுப்பாடு உள்ள மாவட்டம் என்பதால் செய்தித்தாளும் சாக்கும்தான் கைகொடுக்கும்.

வரி: தமிழ்நாட்டில் சரக்கு வியாபாரத்துக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு செல்லாது, பதிவு வேண்டும். பதிவு செய்தவர் பழைய பொருளை வாங்கியபடியே விற்றால், கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளாத வரை (அதைத்தான் உள்ளீட்டு வரி எடுப்பது என்பார்கள்), ஜிஎஸ்டி விதி 32(5)-இன்படி வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி கட்டலாம். அதற்குக் கொள்முதல் சீட்டு இருக்க வேண்டும். துண்டுத் தாளிலாவது தேதி, பொருள், தொகை, கொடுத்தவர் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

வாடகைக்கு விடுவது

படப்பிடிப்புக்கும், அலங்காரம் தேடும் ஹோம்ஸ்டேக்கும் பெரிய சாமான்களை வாடகைக்கு விடுவது ஆள் தொடர்பு உள்ளவருக்குச் சரிப்படும். முழு விற்பனை விலையையும் டெபாசிட்டாக வாங்காமல் எதையும் அனுப்பாதீர்கள். போகும்போதும் வரும்போதும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். நிலையான வருமானமாக இதை நம்ப முடியாது.

மழை மாதங்களில் செய்ய வேண்டிய வேலை

எந்த வழியை எடுத்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஸ்டாலை அப்படியே விட்டால் சரக்கு தானாகக் குறைந்துவிடும், விற்காமலே. காகிதம், தோல், துணி மூன்றையும் ஸ்டாலிலிருந்து எடுத்து, இறுக்கமான டிரங்குப் பெட்டியில் சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். மர சாமானைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்துங்கள். பூஞ்சை பின்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும்.

உளு விழுந்த மரம் தனி. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் மட்டும் இருந்தால் அது பழைய கதையாக இருக்கலாம். அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். மாவு மாதிரி வெளிறிய தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. அந்தச் சாமானை அன்றைக்கே தனியாக எடுத்து, ஓட்டை ஓட்டையாக ஊசி போடும் சிரிஞ்சால் மருந்து செலுத்தி, தார்ப்பாயில் இறுக்கிச் சுற்றி வையுங்கள். பக்கத்து ஸ்டால்காரர் சரக்குக்குப் பரவினால் பணத்தைவிடப் பெயர் கெடும்.

தொய்ந்த பிரம்பு நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தை வெந்நீர்த் துணியால் நன்றாக நனைத்து நிழலில் உலர்த்தினால் பிரம்பு இறுகும். அறுந்ததற்கு இது உதவாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கும் ஆசையை அடக்குங்கள். சேகரிப்பவர் அந்தக் கறுத்த நிறத்துக்குத்தான் காசு தருகிறார். உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய மெழுகு ஒரு பூச்சு போதும்.

ஓடாத சுவர்க்கடிகாரத்தையும் ஓடும் கடிகாரத்தையும் பக்கத்தில் மாட்டினால் எது போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல கடிகாரங்களில் பழுதே இருக்காது. சாவி கொடுத்து, பெண்டுலத்தை ஆட்டிவிட்டு, காதைக் கொடுத்துக் கேளுங்கள். "டிக்"கும் "டாக்"கும் சம இடைவெளியில் வர வேண்டும். நொண்டினால் கடிகாரம் சுவரில் சாய்ந்து நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அடிப்பாகத்தை ஒரு நூல் இடமோ வலமோ நகர்த்தி, சத்தம் சமமானதும் சுவரில் பென்சில் கோடு போட்டுவிடுங்கள். கூட்டிப் பெருக்குபவர் இடித்து நகர்த்தினாலும் திரும்ப வைக்கத் தெரியும்.

காலி செய்வது

சரக்கை மாற்றி, வாடகையைப் பேசி, அதற்குப் பிறகு ஒரு பெரிய சீசனும் ஓர் இரண்டாவது சீசனும் கடந்தும் ஆண்டு விற்பனை வாடகைக்கு வேண்டிய தொகையைத் தொடவில்லை என்றால், அந்த இடம் உங்களுக்கு ஒத்துவரவில்லை. விட்டுவிடலாம். மாதம்தான் முக்கியம். ஜனவரியில் மனம் வெறுத்துப் பிப்ரவரியில் காலி செய்பவர், மந்த மாதங்களின் வாடகையை எல்லாம் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரும் ஏப்ரல் மேயை அடுத்தவருக்கு விட்டுப் போகிறார். வெளியேற நல்ல நேரம் ஜூன் முதல் பாதி. இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டுமென்றால் ஏப்ரல் நடுவிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு, மே மாதம் முழுக்க விற்றுத் தீர்க்கும் வேகத்தில் விலை வையுங்கள். முன்பு வேண்டாம் என்ற தள்ளுபடி இப்போது சரி, ஏனென்றால் ஆள் இருக்கிறது.

மீதியை மொத்தமாகத் தள்ள, சிறு பொருளுக்குக் கோவை வியாபாரிகளும், மரம், எனாமல், பீங்கானுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவும், காலனிகாலச் சாமானுக்குக் கொச்சி மட்டாஞ்சேரியும் இருக்கின்றன. மொத்த விலை என்பது உங்கள் கொள்முதலுக்குக் கீழேதான் வரும். பட்டியலும் படமும் முன்னால் அனுப்பி மூன்று இடத்தில் விலை கேளுங்கள். சாமானை ஏற்றிக்கொண்டு போய் வாசலில் நின்று பேசினால் திரும்பி வர முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். வண்டிக்கு, மலைக்குச் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் குட்டி யானையைப் பிடித்தால் வாடகை பேசி இறக்கலாம்.

கிளம்பும் முன் உள்ளே இருக்கும் பொருள்களின் பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். கடைசிப் பதினைந்து நாள் விற்பனைப் பணமும், அட்வான்ஸில் எதற்கு எவ்வளவு கழிக்கப்பட்டது என்ற விவரமும் தாளில் வந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.